அறுபதுக்குப் பின் ஓர் ஊர்

பீட் கிரிஃபித்ஸ் குளித்தலைக்குப் பக்கத்துத் தண்ணீர்பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 61. 1968 ஆகஸ்ட். அந்த வயதில் நம்மவர்கள் பென்ஷன் ஆர்டரை வாங்கிக்கொண்டு, மகன் வீட்டோடு இருப்பதா, மகள் வீட்டோடு இருப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். அவரோ வாகமன் மலையில் பத்து வருஷம் இருந்து வளர்த்த குரிசுமலை ஆசிரமத்தை விட்டுவிட்டு, இரண்டு துறவிகளை மட்டும் கூட்டிக்கொண்டு, காவிரிக்கரையில் ஏறக்குறைய ஆளில்லாமல் கிடந்த ஒரு தோப்புக்கு வந்தார். சாந்திவனம் என்று அதற்கு முன்பே பெயர் வைத்திருந்தார்கள்.

எங்கள் கெங்குவார்பட்டிச் சாலையில் மேற்கே போனால் தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, கம்பம், குமுளி. அப்புறம் பீர்மேடு தாண்டி மலைக்குள் திரும்பினால் வாகமன். கிழக்கே போனால் வத்தலக்குண்டு, திண்டுக்கல், கரூர், குளித்தலை. கேரளா பஸ் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த மனுஷருடைய நினைப்பு வருகிறது. அவர் எந்த வழியாகப் போனாரோ. என் வீடு அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது எனக்கு ஒரு துணை போலிருக்கிறது.

*

அவர் புதிதாகத் தொடங்கியது அதுதான் முதல் தடவை என்றில்லை. இங்கிலாந்தில் 1906-ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். அங்கே சி. எஸ். லூயிஸ் அவருக்கு ஆசிரியர், பிறகு நண்பர். 1930-ல் இரண்டு நண்பர்களோடு ஒரு கிராமத்து வீட்டில், இயந்திரம் எதையும் தொடாமல் பசு வளர்த்துப் பால் விற்று வாழ்ந்து பார்த்தார். பிறகு கத்தோலிக்கரானார், பெனடிக்டைன் மடத்தில் சேர்ந்தார், குருவானார். 1955-ல் இந்தியாவுக்குக் கப்பலேறும்போதே ஐம்பதை நெருங்கியிருந்தார். முதலில் பெங்களூருக்குப் பக்கத்துக் கெங்கேரி. 1958-ல் பெல்ஜியத்துத் துறவி பிரான்சிஸ் மாஹியூவோடு குரிசுமலை. அதற்கும் பத்து வருஷம் கழித்துச் சாந்திவனம்.

இதைத் துணிச்சல் என்று எழுதுகிறார்கள். எனக்குப் பொறுமையாகப் படுகிறது. ஒவ்வோர் இடத்திலும் வேரோடி, சமைத்து, மாடு மேய்த்து, கூட இருந்தவர்களோடு ஒத்துப்போக முடிந்தவரை ஒத்துப்போய், அதற்குப் பிறகுதான் அடுத்த அடி. இரவில் ஒரு குரல் கேட்டது, காலையில் மூட்டை கட்டினேன் என்கிற கதை அதில் எங்கும் இல்லை.

*

நான் வந்த கதையும் அவ்வளவு பெரிதில்லை. வேலையில் இருந்த காலத்தில், லீவு விட்டால் கொடைக்கானலில் நடக்கும் தியானக் கூட்டங்களுக்குப் பஸ்ஸில் போவேன். இந்த ஊருக்குப் பக்கத்துக் காட்ரோட்டில் வண்டி நிற்கும். அங்கிருந்துதான் மலைப்பாதை தொடங்குகிறது. மாந்தோப்பில் கூலிக்குப் போன பெண்கள் திரும்பி வந்து பஸ்ஸுக்கு நிற்பார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகள். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு போகிற இடத்தில் எனக்குக் கீழே நிற்கிறவர்கள் மேல் கண் போனது. அது ஏதோ ஒரு தடவை தோன்றி மறைகிற நினைப்பாக இருக்கும் என்றிருந்தேன். வருஷக்கணக்காக ஜெபத்தில் அந்த முகங்களே வந்தன. ஓய்வுபெற்ற பிறகு ஆண்டவரிடம் கேட்பதற்கு வேறு கேள்வி என்னிடம் இல்லை.

சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அவ்வளவுதான் வேலை. இதை ஊழியம் என்று யாராவது சொன்னால் மறுப்பதில்லை.

*

வந்த புதிதில் தெருவில் எல்லாரும் கேட்ட கேள்வி: "டீச்சருக்கு இங்க யாரு இருக்கா?"

யாரும் இல்லை என்றால் அடுத்தது: "அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

அந்தக் கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. உறவு இல்லாமல், நிலம் இல்லாமல், உத்தியோகமும் இல்லாமல் ஒருத்தி ஊருக்குள் வந்து குடியிருந்தால் கேட்கத்தான் வேண்டும். "ஆண்டவர் அனுப்பினார்" என்பது எனக்கு உண்மை. அவர்களுக்கு அது பதிலாகாது. என்னை அனுப்பியதாக நான் சொல்லலாம். என்னை அவர்களிடம் அனுப்பியிருக்கிறாரா என்பதை அவர்கள் அல்லவா சொல்ல வேண்டும்? இதைப் பற்றியே நிறைய யோசிக்கிறேன்.

*

பக்கத்துத் தேவதானப்பட்டியில் மஞ்சளாற்றுக் கரையில் மூங்கிலணைக் காமாட்சி கோயில். அம்மன் வெள்ளத்தில் மூங்கில் பெட்டியில் மிதந்து வந்து, கரையோர மூங்கில் புதரில் அணைந்து நின்றாள் என்று சொல்கிறார்கள். கருவறைக் கதவைத் திறப்பதில்லை. அடைத்த கதவுக்கே பூஜை. மாசி சிவராத்திரித் திருவிழாவுக்கு எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார்கள், போனேன். அந்தக் கூட்டத்தில் நின்று நான் நினைத்தது என் ஆண்டவரைத்தான். அக்காவுக்கும் அது தெரியும். திரும்பி வரும்போது, "எங்காத்தாளும் வெளியூருதான் டீச்சர், தண்ணியில வந்தவ" என்றார்கள். எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான்.

கம்பம் பள்ளத்தாக்கே அப்படி வந்தவர்களால் ஆனது. கன்னடம் பேசும் காப்பிலியர், தெலுங்கு பேசும் நாயக்கர் வழியினர், மலையேறித் தோட்டத்து வேலைக்குப் போய்ப் பிறகு கீழே தங்கியவர்கள். கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவில் பொங்கலுக்கு மாடுகளைக் கும்பிடப் போகும் கூட்டத்தைப் பார்த்தால், மந்தையோடு புறப்பட்டு வந்த ஜனம் அதை இன்னும் மறக்கவில்லை என்று தெரியும். சாமியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் பாதி, சாமியே கூட்டிவந்ததாகச் சொல்பவர்கள் பாதி.

*

சாந்திவனத்துக்குத் திரும்புகிறேன். 1950-ல் அதைத் தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள். ழூல் மோன்ஷானேன் 1939-ல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு திருச்சி மறைமாவட்டத்துக்கு வந்து, கிராமப் பங்குகளில் வேலை பார்த்தவர். ஆன்றி லெ சோ 1948-ல் வந்தார். அபிஷிக்தானந்தர் என்ற பெயர் பின்னால் வந்தது. காவி உடுத்தினார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இந்திய இளைஞர்கள் வந்து சேர்வார்கள் என்று காத்திருந்தார்கள். யாரும் வந்து நிலைக்கவில்லை. மோன்ஷானேன் 1957-ல் சிகிச்சைக்குப் போன இடத்தில், பாரிஸில் இறந்தார்.

அவரை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. தாய்மண்ணை விட்டு வந்து பதினெட்டு வருஷம். கண்ணால் பார்த்த பலன் என்று சொல்ல ஒன்றுமில்லை. அழைப்பு உண்மையாக இருந்தால் காரியம் கைகூடும் என்று சபைகளில் சாட்சி சொல்கிறார்களே, அவர்கள் மோன்ஷானேனைப் பற்றி என்ன சொல்வார்கள்? அவர் அழைக்கப்பட்டவர் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

லெ சோ திருவண்ணாமலையில் ரமணரைப் பார்த்தவர், அருணாசல மலைக் குகைகளில் தங்கியவர், திருக்கோவிலூரில் ஞானானந்த கிரி சுவாமிகளிடம் போய் உட்கார்ந்தவர். 1968-ல் அவரும் கிளம்பிவிட்டார், இமயமலைப் பக்கம், உத்தரகாசிக்கு. அப்போது அவருக்கு 58. ஒரே வருஷத்தில் ஒரே தோப்பிலிருந்து ஒருவரைப் போ என்றும், அதே தோப்புக்கு இன்னொருவரை, அவரைவிட மூத்தவரை, வா என்றும் சொல்லியிருக்கிறது. இரண்டும் ஒரே குரல்தான் என்று நம்புகிறேன்.

*

அதே 1968, டிசம்பர் 25. கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகள் மேல் நிலக்காரர்களின் ஆட்கள் பாய்ந்த இரவு. ஒரு குடிசைக்குள் ஒளிந்த பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடிய ராத்திரி.

எங்கள் பக்கத்துப் பெண் ஒருவர் அந்தச் செய்தி கேட்டு அங்கே போனார். கிருஷ்ணம்மாள். 1926-ல் பட்டிவீரன்பட்டிப் பக்கம், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் ஊரிலிருந்து வத்தலக்குண்டு தாண்டினால் அந்தப் பக்கம்தான். காந்திகிராமத்தைத் தொடங்கிய சௌந்தரம் அம்மாளின் ஆதரவில் படித்தார். பின்னால் அவர் கணவரான ஜெகந்நாதன் வசதியான குடும்பத்துப் பிள்ளை; காந்தி கூப்பிட்டார் என்று மதுரை அமெரிக்கன் கல்லூரிப் படிப்பை 1930-ல் விட்டவர். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று காத்திருந்து 1950-ல் கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வினோபாவின் பூதான இயக்கம், ஊர் ஊராக நடை.

1968-ல் கிருஷ்ணம்மாளுக்கு 42, ஜெகந்நாதனுக்கு ஐம்பதுக்கு மேல். இரண்டு பிள்ளைகள். மதுரைச் சீமையில் பேர், பழக்கம், கூட வேலைசெய்ய ஆட்கள் எல்லாம் இருந்தன. அதை வைத்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கலாம். கீழவெண்மணி இருந்த தஞ்சைச் சீமைக்குப் போய்த் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

தண்ணீர்பள்ளியும் காவிரிக்கரை. கீழவெண்மணியும் அதே காவிரி போய்ப் பாயும் கடைமடை. கிரிஃபித்ஸ் ஆற்றின் நடுவழியில் வந்து உட்கார்ந்த நாலாவது மாதம், ஆற்றின் முடிவில் அந்தத் தீ. நூல்களில் இந்த இரண்டையும் சேர்த்து நான் படித்ததில்லை. இங்கே என் மேஜையில் சேர்ந்து கிடக்கின்றன, என்னால் பிரிக்க முடியவில்லை.

*

கிருஷ்ணம்மாள் வள்ளலார் வழி. விளக்கேற்றி அருட்பெருஞ்ஜோதியைத் துதித்துவிட்டுத்தான் எந்தப் போராட்டமும். மேடைகளில் அவர் கடவுளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், பக்கத்துத் தெருவில் இருக்கிற பெரியவரைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்.

வள்ளலாரும் சென்னையை விட்டுக் கருங்குழிக்கு வந்து, பிறகு வடலூரில் 1867-ல் தருமசாலையைத் தொடங்கியவர். நாற்பதைத் தாண்டியிருந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. துறவி என்றால் அடுப்பை விட்டுப் போகிறவர் என்பது வழக்கு. இவர் ஊருக்குப் போய் அடுப்பை மூட்டினார்.

*

லாஃப்டி பற்றி இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். உழுபவர் நில விடுதலை இயக்கம். 1981-ல் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் தொடங்கினார்கள். பூதானத்தில் நிலம் தானமாகக் கேட்டார்கள். கிடைத்ததில் நிறையக் கட்டாந்தரை, வழக்கில் கிடந்தது. இங்கே வழி வேறு. நிலக்காரரும் கூலிக்காரரும் உட்கார்ந்து விலை பேச வேண்டும். வங்கியில் கடன். பத்திரச் செலவில் சலுகைக்கு அரசாங்கத்தோடு மல்லுக்கட்டு. குடும்பத்துக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர், அதுவும் பெண் பெயரில். விளைச்சலிலிருந்து தவணை கட்ட வேண்டும். இப்படிக் கை மாறியது பத்தாயிரம் ஏக்கருக்கும் மேல்.

பெண் பெயரில் என்பதில்தான் என் கண் நிற்கிறது. பட்டா தன் பெயரில் இருக்கிற பெண்ணை வீட்டை விட்டு வெளியே போ என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது. அந்த ஊர்ப் பெண்களோடு நடவு வரப்பில் நின்று, அவர்கள் குடிசையில் படுத்து எழுந்தவருக்குத்தான் இது தோன்றும்.

ஜெகந்நாதன் எண்பதைத் தாண்டிய பிறகு இறால் பண்ணைகளை எதிர்த்துப் போனார். வயலில் உப்பேறுகிறது, குடிநீர் கெடுகிறது என்று அவர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று கடற்கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை நடைமுறைக்கு வரவிடாமல் செய்ய எத்தனையோ முயற்சிகள் நடந்தன. ஆனாலும் அந்த வழக்கின் பெயரில் அவர் இருக்கிறார். வந்த ஊரின் மண் அவருக்குச் சொந்த மண்ணாக ஆகியிருக்கிறது. 2013-ல் காலமானார்.

*

"நீங்க எந்தப் பக்கம்? யாரு வகையறா?"

இது இரண்டாவது வாரத்தில் வரும் கேள்வி. தண்ணீர் யார் வீட்டில் வாங்கிக் குடிக்கிறோம், எந்தத் தெருவில் வீடு பிடித்தோம் என்பதற்குள் ஊர் பதிலைக் கண்டுபிடித்துவிடும். கடவுள் அழைத்து வருகிறவர்களும் ஏதோ ஒரு தெருவில்தான் குடியேற வேண்டும். இதைப் பற்றி நம் பிரசங்கங்களில் பேசுவதே இல்லை.

சாந்திவனத்தின் மேல் எனக்குள்ள மனத்தாங்கலும் இதுதான். கோயில் போல் கோபுரம் வைத்த தேவாலயம், சமஸ்கிருத மந்திரங்கள், உபநிடத வாசிப்பு. அதை மதமாற்றத் தந்திரம் என்று ஒரு பக்கம் திட்டினார்கள். அது அநியாயம், அந்த மனிதர்கள் தேடியது தங்கள் ஆத்மாவுக்கானது. இன்னொரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள்: நீங்கள் இந்தியா என்று தேடி எடுத்ததில் எங்கள் இந்தியா எங்கே? அந்தக் கேள்வி நியாயமானது. பறையும் ஒப்பாரியும் குலசாமியும் உள்ள ஜனம்தானே தமிழ்நாட்டுச் சபைகளில் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறது. கிரிஃபித்ஸ் மேல் உள்ள மரியாதை இதனால் எனக்குக் குறையவில்லை. ஆனால் எந்தத் தெரு என்ற கேள்வியைக் கிருஷ்ணம்மாள் போல் நேராகச் சந்தித்தவர்களிடம்தான் நான் பாடம் படிக்க வேண்டும்.

*

கைத்தான் ஐயாவைப் பற்றி ஒரு வரியாவது. அமெரிக்கர், 1925-ல் மதுரை மிஷனுக்கு வந்தவர். காந்தி பக்கம் சாய்ந்தார் என்று வெள்ளைக்கார அரசாங்கம் அவரை இரண்டு தடவை வெளியேற்றியது. சுதந்திரம் வந்ததும் திரும்பி வந்து, ஜெகந்நாதன் தம்பதியோடும் காந்திகிராமத்தோடும் கிராம வேலையில் கலந்து, 1984-ல் கண்ணை மூடும்வரை இந்தப் பக்கத்து மனிதராகவே இருந்தார். மிஷன் பங்களாவில் வாழ்ந்திருக்க வேண்டியவர்.

*

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75 என்று ஆதியாகமத்தில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அதைப் படித்திருக்கிறேன். இப்போதுதான் சாராளைப் பற்றி நினைக்கிறேன். புறப்படச் சொல்லி அவளிடமும் ஆண்டவர் பேசினாரா? ஆதியாகமம் சொல்லவில்லை. கூடாரத்தைப் பிரித்து மூட்டை கட்டியது, பாத்திரம் எண்ணியது, அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டது எல்லாம் அவளாகத்தான் இருக்கும். வயதான காலத்தில் கணவருக்கு அழைப்பு வந்துவிட்டது என்று மனைவிகள் பலர் ஊர் மாறுகிறார்கள். அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்டு எழுதி வைப்பதில்லை. ஒருவருக்கு மட்டும் கேட்ட குரலுக்கு இருவரும் போகக்கூடாது என்பது என் எண்ணம்.

*

மாங்காய் சீசன். காசா, கல்லாமை, செந்தூரம் என்று வண்டி வண்டியாகப் போகிறது. பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. தோப்பில் பொறுக்கப் போய்விடுகிறார்கள். வகுப்பை ராத்திரிக்கு மாற்றச் சொன்னார்கள் தாய்மார்கள். மாற்றியாயிற்று. நேரத்தை அவர்கள்தான் வைக்க வேண்டும்.

மலையில் நல்ல மழை. மஞ்சளாறு அணை 57 அடி. நிரம்பப் போகிறது என்று கரையோரத்து ஜனங்களுக்கு எச்சரிக்கை சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைச் சொல்ல மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்தது. என் தெரு மேட்டில்தான் இருக்கிறது.

*

காய்ச்சலில் படுத்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். "அன்னைக்கு யாரும் இல்லைன்னீங்களே" என்றார்கள்.

கிரிஃபித்ஸுக்கு 1990 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தார், 1993 மே 13 வரை. ஆசிரமத்துப் பிள்ளைகள் அவரைக் கழுவி, ஊட்டி, தூக்கி உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அன்பு தன்னை முழுசாக வந்து ஆட்கொண்டது அந்த நோயில்தான் என்கிற மாதிரி அவர் பேசியிருக்கிறார். அறுபது வயதில் புது ஊருக்குப் போகிறவர் பத்து வருஷம் கொடுப்பார். அப்புறம் வாங்கிக்கொள்ள வேண்டிய காலம் வரும். அதற்கும் சேர்த்துத்தான் அந்த ஊரிடம் நாம் போகிறோம். இதை முன்கூட்டியே ஊர் அறிந்துகொள்கிறது. வயதானவளை ஏற்றுக்கொள்வது என்றால் என்னவென்று எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியாதா?

*

கூட வேலை பார்த்த ஒரு டீச்சர் கேட்டு எழுதியிருக்கிறாள். அவளுக்கும் இதே பாரம். இந்த வருஷம் ரிட்டயர்ட் ஆகிறாள். வீட்டை விற்றுவிட்டு வரட்டுமா என்கிறாள். பதில் எழுத வேண்டியவை:

வீட்டை விற்காதே. வாடகைக்கு விடு. உன் பென்ஷனில் உன் சாப்பாடு நடக்க வேண்டும். ஊர் உனக்குச் சம்பளம் தராது, காணிக்கையும் கேட்காதே.

முதலில் ஒரு மாதம் வந்து இரு. சித்திரை வெயிலில் வா. ஐப்பசி மழையில் இந்த ஊர் எல்லாருக்கும் பிடித்துவிடும்.

பிள்ளைகளிடம் சண்டை போட்டுக்கொண்டு வராதே. அவர்கள் பயம் நியாயமானது. ஆஸ்பத்திரி பெரியகுளத்தில் இருக்கிறது, பஸ் இருக்கிறது என்று சொல்.

வந்ததும் கூட்டம் போடாதே. போர்டு எழுதி மாட்டாதே. குழாயடியில் நில், யார் பேர் என்ன என்று கேள். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் எந்தத் தெரு என்று பார்க்காமல் போ. எல்லாத் தெருவுக்கும் போ.

ஆண்டவர் சொன்னார் என்பதை மனசில் வைத்துக்கொள். ஊர் என்ன சொல்கிறது என்று இரண்டு வருஷம் கேள். வேண்டாம் என்றால் கோபப்படாமல் திரும்பிப் போ. மோன்ஷானேனிடமே யாரும் வந்து நிலைக்கவில்லை.

கொசுவலை கொண்டுவா. கணக்குப் பாடம் எடுக்க இங்கே ஆள் இல்லை; ஏழாவது, எட்டாவது புத்தகங்களையும் எடுத்து வை.